5 எச்.பி. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி: எம்சிபியும் கான்டாக்டரும் வேலை செய்யும் விதம்

கிணற்று மோட்டாரை எம்சிபியின் (மினியேச்சர் சர்க்யூட் பிரேக்கர்) லீவரைத் தூக்கி ஓடவிட்டு, இறக்கி நிறுத்துகிற இடங்கள் ஊருக்கு நாலாவது இருக்கும். ஒரு வருடம் ஓடும், இரண்டு வருடம்கூட ஓடும். பிறகு ஒரு நாள் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு நின்று புகைந்துவிடும். திறந்து பார்த்தால் எம்சிபியில் ஒரு முனை உள்ளே கருகியிருக்கும். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சரக்கில் குறையில்லை. காவலுக்கு வைத்த ஆளை நாள் முழுக்க மூட்டை தூக்கவிட்டதுதான் குறை.

கோளாறு வந்தால் கரண்டை அறுக்கிற எம்சிபி காவலாளி; மோட்டாரைப் போட்டு அணைக்கிற மின்காந்த சுவிட்சான கான்டாக்டர் வேலையாள். இந்தக் கட்டுரையில் 5 எச்.பி., 415 வோல்ட் மும்முனை மோட்டார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு நேரடி ஸ்டார்ட்டர், அதாவது டிஓஎல் ஸ்டார்ட்டர் கட்டுவதன் வழியாக இரண்டையும் பார்க்கலாம். படித்துப் புரிந்துகொள்வது யாருக்கும் நல்லது. மின் இணைப்பில் கை வைப்பது உரிமம் பெற்ற வயர்மேன் கூட இருக்கும்போது மட்டும்.

இரண்டும் சுவிட்சுதான், ஆனால் தலைகீழ்

முனைகள் சேர்ந்து கரண்ட் பாய்வதை 'மூடுவது' என்றும், பிரிந்து கரண்ட் நிற்பதை 'திறப்பது' என்றும் சொல்வோம். எம்சிபியை நாம் கையால் மூடும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இழுபட்டு, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. அதன்பின் மூடிய நிலையில் இருக்க அதற்குக் கரண்ட் எதுவும் தேவையில்லை. கோளாறு வந்தால் கொக்கி கழன்று ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும். திரும்ப மூட ஓர் ஆள் வர வேண்டும்.

கான்டாக்டரின் இயல்பு நிலை திறந்திருப்பது. அதன் காயிலுக்கு, அதாவது காந்தமாகும் கம்பிச் சுருளுக்கு, கரண்ட் கொடுத்தால் மூடும், எடுத்தால் திறக்கும். அதற்குத் தானாக எதுவும் தெரியாது. யாரோ பட்டன் அழுத்த வேண்டும், அல்லது ஒரு ஃப்ளோட் (மிதவை) சுவிட்ச், டைமர் சொல்ல வேண்டும்.

உழைப்புக் கணக்கிலும் வேறுபாடு பெரியது. வீட்டு எம்சிபிக்கான ஐஇசி 60898 தரம், முழு கரண்டில் 4000 முறை மூடித் திறப்பதைத் தாங்கும்படி கேட்கிறது. நல்ல கான்டாக்டரின் இயந்திர ஆயுள் 1 கோடி முறை என்ற அளவில் இருக்கும். மோட்டார் கரண்டோடு வேலை செய்தால் 10 லட்சம் முறை என்ற வரிசையில். ஒரு நாளைக்கு 10 முறை மோட்டாரைப் போட்டு அணைத்தால் 4000 என்பது 400 நாள் கணக்கு. அதுவும் மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட் எம்சிபி மேல் எழுதியதைப் போல சுமார் மூன்று மடங்கு என்பதால் அந்தக் கணக்கும் முழுசாகத் தாக்குப்பிடிக்காது.

மறுபக்கம், ஷார்ட் சர்க்யூட்டை அறுக்கும் திறன் எம்சிபிக்கு உண்டு, கான்டாக்டருக்கு இல்லை. எம்சிபியின் முகப்பில் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். அத்தனை ஆம்பியர் வரை வந்தாலும் அறுத்துவிடும் என்று பொருள். 9 ஆம்பியர் கான்டாக்டர் வழியாக ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்தால் அதன் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், அல்லது பெட்டியே கருகும்.

எம்சிபிக்குள் இரண்டு கண்

ஒன்று மெதுவான கண். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. அதை பைமெட்டல் என்பார்கள். கரண்ட் பாயப் பாயச் சூடாகி ஒரு பக்கமாக வளைந்து கொக்கியைத் தள்ளும். இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற ஒன்று இருக்கிறது: 16 ஆம்பியர் எம்சிபி 17 ஆம்பியரில் விழாது, அதாவது ட்ரிப் ஆகாது. தரத்தின்படி 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழக் கூடாது. 1.45 மடங்கில், அதாவது சுமார் 23 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். நடுவில் இருக்கிற இடம் தயாரிப்பைப் பொறுத்தது. வயர் தேர்வு செய்யும்போது இந்த 23 நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்று வேகமான கண். கரண்ட் பாயும் வழியிலேயே ஒரு சின்ன காயில், அதற்குள் ஓர் இரும்புத் தண்டு. கரண்ட் பல மடங்கு எகிறினால் தண்டு சட்டென்று பாய்ந்து கொக்கியைத் தட்டும். எத்தனை மடங்கில் என்பதைத்தான் முகப்பில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து சொல்கிறது. பி என்றால் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20. சி16 என்று எழுதியிருந்தால் 80 ஆம்பியருக்கு மேல் எப்போது வேண்டுமானாலும், 160க்கு மேல் நிச்சயமாக, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விழும்.

முனைகள் பிரியும்போது நடுவில் தீப்பொறி வளைவு, அதாவது ஆர்க், உருவாகும். அது பல்லாயிரம் டிகிரி சூடு. எம்சிபி அதை ஊதி அணைப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டுகிறது. உள்ளே பத்துக்கு மேற்பட்ட மெல்லிய இரும்புத் தகடுகள் சீப்பு போல அடுக்கியிருக்கும். கரண்டின் சொந்தக் காந்தப்புலமே ஆர்க்கை அந்தத் தகடுகளுக்குள் தள்ளும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஆர்க் எரிய 20, 30 வோல்ட் வேண்டும். பத்துப் பன்னிரண்டு இடைவெளி சேர்ந்தால் வந்துகொண்டிருக்கிற வோல்டேஜ் போதாமல் ஆர்க் அணைந்துவிடும். பழைய எம்சிபி ஒன்று கிடைத்தால் ரிவெட்டைத் துளைத்துத் திறந்து பாருங்கள். இந்தச் சீப்பைக் கண்ணால் பார்த்த பிறகு, எம்சிபி கருகும்போது ஏன் உள்ளே கறுப்பு மசி அப்பியிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

ட்ரிப் ஆன எம்சிபியின் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்தாலும் முனைகள் மூடியே இருக்காது. கோளாறு இருந்தால் உள்ளே திறந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். ஆகவே லீவரில் கம்பி கட்டுவது வீண்வேலை. எம்சிசிபி எனும் பெரிய பிரேக்கர்களில் ட்ரிப் ஆனதும் கைப்பிடி நடுவில் நிற்கும். முழுவதும் ஆஃப் பக்கம் அழுத்தி, கொக்கி மாட்டிய பிறகுதான் ஆன் ஆகும். இது தெரியாமல் "பிரேக்கர் போச்சு" என்று புதிதாக வாங்கி வந்தவர்கள் உண்டு.

எம்சிபி 30 டிகிரி வெப்பத்துக்கு அளவிடப்பட்டது. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 50 டிகிரி தாண்டும். நாலு எம்சிபி ஒட்டி ஒட்டி இருந்தால் ஒன்றின் சூடு அடுத்ததைப் பிடிக்கும். அப்போது 16 ஆம்பியர் எம்சிபி 14 போல நடந்துகொள்ளும். மதியம் மட்டும் விழுந்து, ராத்திரி விழாமல் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மனிதனைத் தாக்குகிற மின்சாரம் எம்சிபியின் கண்ணில் படவே படாது. உயிரை எடுக்க 16 ஆம்பியர் வேண்டாம், மில்லி ஆம்பியர் கணக்கே போதும். அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டு அறுக்கும் பிரேக்கர், தனியாக வேண்டும். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கான்டாக்டருக்குள்

மூடியைக் கழற்றினால் ஆங்கில 'ஈ' எழுத்து வடிவில் இரண்டு இரும்பு அடுக்குகள் எதிரெதிராக இருக்கும். கீழே உள்ளது அசையாது; அதன் நடுக்காலில் காயில் மாட்டியிருக்கும். மேலே உள்ளது ஸ்பிரிங் மேல் மிதக்கும். அதோடு பிளாஸ்டிக் சட்டத்தில் நகரும் முனைகள். காயிலுக்குக் கரண்ட் வந்ததும் மேல் இரும்பு 'டக்' என்று கீழே ஒட்டும், மூன்று ஃபேஸ் முனைகளும் ஒன்றாக மூடும்.

அசையாத இரும்பின் முகத்தில் இரண்டு ஓரக் கால்களிலும் மெல்லிய செம்பு வளையம் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அலங்காரமில்லை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை பூஜ்ஜியம் தொடும். ஒவ்வொரு பூஜ்ஜியத்திலும் காந்தம் கைவிடப் பார்க்கும். அந்த வளையத்தில் தூண்டப்படும் கரண்ட் கொஞ்சம் தாமதமான இன்னொரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அந்தக் கணத்தில் இழுத்துப் பிடிக்கிறது. வளையம் விரிசல் விட்டால் கான்டாக்டர் 'ஊஊ' என்று உறுமத் தொடங்கும்.

காயில் விஷயத்தில் ஒன்று கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரும்பு இன்னும் ஒட்டாமல் இடைவெளி இருக்கும்போது காயில் இழுக்கும் கரண்ட், ஒட்டிய பிறகு இழுப்பதைப் போல சுமார் 10 மடங்கு. சின்ன கான்டாக்டரில் மூடும் கணத்தில் 70 விஏ (வோல்ட்-ஆம்பியர்), மூடிய பின் 7 விஏ என்ற அளவு. இரும்பு முழுவதும் ஒட்டாமல் பாதியில் நின்றால் அந்தப் 10 மடங்கு கரண்ட் தொடர்ந்து பாயும்; சில நிமிடத்தில் காயில் உருகி நாற்றம் வரும். ஏசி காயில் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அதிக வோல்டேஜ் இல்லை, குறைந்த வோல்டேஜ். இதை ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறவர்கள்தான் ஒரே ஸ்டார்ட்டருக்கு மூன்று முறை காயில் மாற்றுவார்கள்.

தரத்தின்படி, காயில் மேல் எழுதிய வோல்டேஜில் 85 முதல் 110 சதவீதம் வரை கான்டாக்டர் ஒழுங்காக மூட வேண்டும். 415 வோல்ட் காயிலுக்கு 85 சதவீதம் என்பது 353 வோல்ட். 75 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 311 வோல்ட்டுக்குக் கீழே போனால் எந்த நேரமும் கைவிடலாம்.

முனைகளின் பெயர்கள் எல்லாத் தயாரிப்பிலும் ஒன்றே. 1, 3, 5 வரும் பக்கம். 2, 4, 6 மோட்டாருக்குப் போகும் பக்கம். ஏ1, ஏ2 காயில். 13-14 இயல்பில் திறந்த துணை முனை, என்ஓ. 21-22 இயல்பில் மூடிய துணை முனை, என்சி. எண்களின் கடைசி இலக்கம்தான் சாவி: 3-4 என முடிந்தால் திறந்தது, 1-2 என முடிந்தால் மூடியது.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று. ஒரே கான்டாக்டரின் மேல் ஏசி-1க்கு 25 ஆம்பியர், ஏசி-3க்கு 9 ஆம்பியர் என்று இரண்டும் எழுதியிருக்கும். ஏசி-1 என்பது ஹீட்டர் போன்ற சாதுவான சுமை. ஏசி-3 என்பது மோட்டாரைக் கிளப்பி, ஓடும் நிலையில் அணைப்பது. கிரேன், ஹாய்ஸ்ட் மாதிரி தட்டித் தட்டி நகர்த்தினால் ஏசி-4; அதற்கு இன்னும் பெரிசு வேண்டும். மோட்டாருக்கு வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள், ஏசி-3 எண்ணைப் பாருங்கள்.

ஓவர்லோடு ரிலே

கான்டாக்டருக்குக் கீழே தொங்குகிற சின்னப் பெட்டி. இதிலும் பைமெட்டல்தான். ஆனால் இது மோட்டார் கரண்டைத் தானே அறுக்காது. சூடானதும் தன் 95-96 என்சி முனையைத் திறக்கும். அதனால் கான்டாக்டரின் காயில் கரண்ட் இழந்து கான்டாக்டர் திறக்கும். 97-98 என்ஓ முனை. அதில் எச்சரிக்கை விளக்கு போடலாம்.

10 வகுப்பு ரிலே, அமைத்த கரண்டில் 1.05 மடங்கில் விழாது; 1.2 மடங்கில் 2 மணி நேரத்துக்குள், 1.5 மடங்கில் 4 நிமிடத்துக்குள் விழும். மோட்டார் சிக்கி நின்றுவிட்டது போல 7.2 மடங்கு பாய்ந்தால் 4 முதல் 10 நொடி. ஒரு ஃபேஸ் போய் மோட்டார் இரண்டில் ஓடினால், மிச்ச இரண்டிலும் கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்காகும், அப்போது இதுதான் மோட்டாரைக் காப்பாற்றும், சரியாக அமைத்திருந்தால்.

5 எச்.பி.க்கு என்ன வாங்குவது

5 எச்.பி. என்பது 3.7 கிலோவாட். 415 வோல்ட்டில் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர், எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்ற பட்டறைக் கணக்கு இங்கே சரியாக உட்காருகிறது. உண்மையான எண்ணை மோட்டாரின் பெயர்த் தகட்டில் பாருங்கள், அதுதான் சட்டம். நேரடியாகக் கிளப்பினால் 6 முதல் 7 மடங்கு, அதாவது 45 முதல் 52 ஆம்பியர் சில நொடிகளுக்குப் பாயும்.

கான்டாக்டர்: ஏசி-3 கணக்கில் 9 ஆம்பியர் போதும், வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் 12 எடுப்பது புத்திசாலித்தனம். ரிலே: 7.5 நடுவில் வருகிற மாதிரி, 6 முதல் 10 ஆம்பியர் வரை திருகக் கூடியது. மெயின் வயர் 2.5 சதுர மி.மீ. செம்பு, கன்ட்ரோல் வயர் 1 சதுர மி.மீ. கன்ட்ரோலுக்குத் தனியாக 2 ஆம்பியர் எம்சிபி அல்லது ஃப்யூஸ்.

மெயின் எம்சிபி, மூன்று முனை, 16 ஆம்பியர். சி10 போட்டால் 50 ஆம்பியரிலேயே வேகமான கண் விழித்துக்கொள்ளும். பத்து முறை கிளப்பினால் இரண்டு முறை விழும். அதனால்தான் 16. சி வகையா டி வகையா என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மோட்டாருக்கு டி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். கணக்குப் போடுங்கள்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். மோட்டார் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 200 மீட்டர், 1.48 ஓம். மோட்டார் முனையில் ஒரு ஃபேஸும் அதே அளவு எர்த் வயரும் ஒட்டினால் பாய்கிற கரண்ட் 240ஐ 1.48ஆல் வகுத்தால் 162 ஆம்பியர். டி16க்கு நிச்சயமாக விழ 320 வேண்டும். எனவே அது உடனே விழாது; பைமெட்டல் சூடாகி விழும் வரை வயர் பொசுங்கும், மோட்டார் உடம்பு முழுக்கக் கரண்ட் இருக்கும். சி16க்கு 160 போதும், விளிம்பில் தப்பிக்கும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் 260 ஆம்பியர் பாயும், சி16 தயங்காது. தூரமான மோட்டாருக்கு தடித்த வயரும் சி வகையும், பெட்டிக்குப் பக்கத்திலேயே உள்ள மோட்டாருக்கு டி வகை.

காயில் வோல்டேஜ்: நியூட்ரல் வருகிற பட்டறையில் 240. கிணற்றடியில் மூன்று ஃபேஸ் மட்டும் வந்தால் 415. மாற்றிப் போட்டால், 240 காயில் 415ல் சட்டென்று எரியும். 415 காயில் 240ல் இழுக்க முடியாமல் நடுங்கி நிற்கும்.

இணைக்கும் படிகள்

1. வரும் மின்சாரத்தை அணைத்து, முடிந்தால் பூட்டுப் போட்டு, "வேலை நடக்கிறது" என்று எழுதித் தொங்கவிடுங்கள். மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு இணைக்கப் போகும் இடத்தில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் என்று பாருங்கள். மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

2. எம்சிபியிலிருந்து மூன்று ஃபேஸ் கான்டாக்டரின் 1, 3, 5க்கு. கான்டாக்டரின் 2, 4, 6ல் ஓவர்லோடு ரிலேயின் மூன்று கால்கள் நேராகச் செருகும். ரிலேயின் கீழ் முனைகளிலிருந்து மோட்டாருக்கு. எர்த் தனியாக, சுவிட்ச் எதுவும் நடுவில் இல்லாமல் மோட்டார் உடம்புக்கும் பெட்டிக்கும்.

3. கன்ட்ரோல் ஃபேஸை கான்டாக்டரின் 1லிருந்து எடுங்கள். 2லிருந்து எடுத்தால் கான்டாக்டர் மூடினால்தான் கரண்ட் வரும், கரண்ட் வந்தால்தான் மூடும்; கடைசி வரை எதுவும் நடக்காது. அந்த ஃபேஸ் 2 ஆம்பியர் எம்சிபி வழியாக ரிலேயின் 95க்கு, 96லிருந்து சிவப்பு ஸ்டாப் பட்டனின் என்சி முனைக்கு, அதன் மறுமுனையிலிருந்து பச்சை ஸ்டார்ட் பட்டனின் என்ஓ முனைக்கு, அங்கிருந்து ஏ1க்கு. ஏ2, 240 காயில் என்றால் நியூட்ரலுக்கு, 415 என்றால் இன்னொரு ஃபேஸுக்கு. பின்னதில் அந்த ஃபேஸிலும் ஃப்யூஸ் வேண்டும்.

4. கான்டாக்டரின் 13-14ஐ ஸ்டார்ட் பட்டனுக்கு மட்டும் இணையாகப் போடுங்கள். விரலை எடுத்த பின்னும் காயிலைப் பிடித்து வைப்பது இந்த இணைப்புதான். 13ன் வயரைத் தவறி ஸ்டாப் பட்டனுக்கு முந்திய முனையில் மாட்டினால் மோட்டார் கிளம்பும், சிவப்பை எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. 13-14ஐ மாட்டவே மறந்தால், விரல் எடுத்ததும் நின்றுவிடும்.

இந்தப் பிடிப்பில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. கரண்ட் போனால் கான்டாக்டர் விழும். வந்ததும் தானாக ஓடாது. மாவு மெஷினிலோ மர அறுவை மெஷினிலோ கை வைத்திருக்கிறவருக்கு இது உயிர் காக்கும். கிணற்றடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு இதை வேண்டுமென்றே தாண்டுகிறார்கள். அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகையாவது வையுங்கள்.

5. ஒவ்வொரு திருகையும் முறுக்கிய பின் வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல இழை வயருக்கு முனைக்குழாய் லக் போடுங்கள். ஈயம் பூசிய முனையைத் திருகின் கீழ் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்லத் தளர்ந்து, ஆறு மாதத்தில் இணைப்பு ஆடும். அலுமினியக் கேபிள் என்றால் அலுமினியம்-செம்பு சேர்ந்த லக் வேண்டும்.

6. ரிலேயின் திருகியை பெயர்த் தகட்டின் 7.5க்கு வையுங்கள். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று 9க்கு வைத்தால், அது மோட்டாரைக் காக்கிற வேலையை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ரீசெட்டை கைமுறைப் பக்கம் வையுங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் கான்டாக்டர் மூன்று. ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் மூடாதபடி ஒன்றின் என்சி மற்றதன் காயில் வழியில் இருக்க வேண்டும். ரிலே ஒரு ஃபேஸ் சுற்றின் வழியில் இருந்தால் தகட்டுக் கரண்டில் 0.58 மடங்கு. மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

முதல் முறை கரண்ட் கொடுப்பது

மோட்டார் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடுங்கள். மோட்டாரின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) பாருங்கள்; உடம்புக்கும் சுற்றுக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இணைக்காதீர்கள். இப்போது ஸ்டார்ட். ஒரே ஒரு சுத்தமான 'டக்'. ரிலேயின் கீழ் முனைகளில் மூன்று ஜோடியிலும் 415 பக்கம் வருகிறதா பாருங்கள். ஸ்டாப் அழுத்தினால் மூன்றும் பூஜ்ஜியம். மறுபடி ஸ்டார்ட் கொடுத்து ரிலேயின் டெஸ்ட் குமிழை அழுத்துங்கள். கான்டாக்டர் விழ வேண்டும். விழாவிட்டால் 95-96 வழியில் இல்லை, அதாவது ஓவர்லோடு ரிலே சும்மா அழகுக்கு உட்கார்ந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் மலிவு ஸ்டார்ட்டர்களைக்கூட இந்த ஒரு சோதனை போட்டுப் பார்ப்பது நல்லது.

பிறகு மோட்டாரை இணைத்து ஓட்டுங்கள். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றுங்கள். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸின் கரண்டையும் பார்த்து எழுதி, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோளாறு வரும்போது அந்த மூன்று எண்கள் மிகவும் பயன்படும்.

கோளாறுகள்

எம்சிபி அடிக்கடி விழுகிறது, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் சரியாகத்தான் இருக்கிறது. திருகு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். தளர்ந்த இணைப்பின் சூடு வயர் வழியாக உள்ளே போய்ப் பைமெட்டலை வளைக்கும். அடையாளம்: அந்த முனையில் வயரின் மேலுறை பழுப்பாகிச் சுருங்கியிருக்கும். இதைப் பார்க்காமல் 16ஐக் கழற்றி 32 போடுகிறவர்கள்தான் வீட்டையும் பட்டறையையும் கொளுத்துகிறார்கள். 32 ஆம்பியர் எம்சிபி ஒரு மணி நேரம் 36 ஆம்பியரைப் போகவிடும்; குழாய்க்குள் போகிற 2.5 சதுர மி.மீ. வயர் அதைத் தாங்காது.

எம்சிபியைத் தூக்கிய கணமே விழுந்தால் ஷார்ட். மீண்டும் மீண்டும் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே முனைகள் கொஞ்சம் கரைகின்றன. மோட்டார் வயரைக் கழற்றி மெக்கர் பாருங்கள். அப்படியொரு பெரிய ஷார்ட் வந்து எம்சிபி விழுந்தபின் கான்டாக்டரையும் திறந்து பார்க்க வேண்டும், முனைகள் ஒட்டியிருக்கலாம்.

ஓவர்லோடு விழுகிறது. 2 நிமிடம் ஆறவிட்டு ரீசெட் செய்து, மூன்று ஃபேஸ் கரண்டையும் உடனே அளந்து கதவில் ஒட்டியதோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறியிருந்தால் பம்பில் மண், பேரிங், குறைந்த வோல்டேஜ். ஒன்று பூஜ்ஜியம், இரண்டு ஏறியது என்றால் ஃபேஸ் போயிருக்கிறது.

கான்டாக்டர் உறுமுகிறது. இரும்பு முகங்களுக்கு நடுவே ஏதோ இருக்கிறது, அல்லது செம்பு வளையம் விரிந்துவிட்டது. கிராமத்து ஸ்டார்ட்டரில் அந்த 'ஏதோ' பத்துக்கு எட்டு முறை எறும்பு. காயிலின் இதமான சூட்டுக்குக் கூடு கட்டும். மேல் இரும்பு கீழே இறங்கும்போது நசுங்கி, பசை போல முகத்தில் படியும். உலர்ந்த துணியால் முகங்களைத் துடையுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசி பிடித்து ஒட்டும். முகத்தை அரத்தால் ராவாதீர்கள். நடுக்காலில் ஒரு மயிரிழை இடைவெளி வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், அணைத்த பின் காந்தம் மிச்சம் நின்று பிடித்துக்கொள்ளாமல் இருக்க. அது கெட்டுப்போகும்.

'டக்டக்டக்' என்று துடிக்கிறது. இதுதான் கான்டாக்டரை மிக வேகமாகக் கொல்வது. நடப்பது இப்படி: லைன் கடைசியில் வோல்டேஜ் 365 இருக்கிறது. காயில் இழுக்கிறது, மோட்டார் 50 ஆம்பியர் கேட்கிறது, அந்தச் சுமையில் வோல்டேஜ் 300க்குக் கீழே சரிகிறது, காயில் கைவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் 365க்கு ஏறுகிறது. பட்டனில் விரல் இருப்பதால் மறுபடி இழுக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கிளம்பும் கரண்ட் முழுவதும் முனைகளில் ஆர்க்காக எரிகிறது. சில நொடிகளில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பட்டனை உடனே விடுங்கள். மேல் சட்டத்தில் குச்சி செருகி அழுத்திவைக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டாப், ஓவர்லோடு எல்லாமே செத்துவிட்டன என்று பொருள். வழி, தடித்த கேபிள், மின்வாரியத்தில் வோல்டேஜ் குறைவைப் புகார் செய்வது, அல்லது பரந்த வோல்டேஜில் இழுக்கிற காயில் உள்ள விவசாய ஸ்டார்ட்டர். ஸ்டாப், ரிலே, மிதவை இவற்றின் தளர்ந்த கன்ட்ரோல் வயராலும் இதே சத்தம் வரும். அதை முதலில் பாருங்கள், செலவில்லாத காரணம் அதுதான்.

ஸ்டாப் அழுத்தியும் மோட்டார் ஓடுகிறது. முனைகள் ஒட்டிவிட்டன. எம்சிபியை இறக்குங்கள்; இதற்காகத்தான் அது மேலே இருக்கிறது. ஒரே ஒரு முனை மட்டும் ஒட்டியிருந்தால் மோட்டார் நின்றுவிடும், ஆனால் அதன் முனையில் ஒரு ஃபேஸ் உயிரோடு இருக்கும். நின்ற மோட்டார் பாதுகாப்பானது என்று நம்பி டெர்மினல் மூடியைத் திறந்தவருக்கு அங்கே அடி விழும்.

ஸ்டார்ட் அழுத்தினால் சத்தமே இல்லை. மீட்டரை ஏ2ல் ஒரு முனை வைத்து, மறுமுனையால் 95, 96, ஸ்டாப், ஸ்டார்ட் என்று வரிசையாகத் தொட்டு வாருங்கள். வோல்டேஜ் எங்கே காணாமல் போகிறதோ அதற்கு முந்திய பாகம்தான் குற்றவாளி. பட்டனை அழுத்தும்போது ஏ1 வரை வந்தும் கான்டாக்டர் அசையவில்லை என்றால், அணைத்துவிட்டு ஒரு வயரைக் கழற்றிக் காயிலின் தடையை அளங்கள். சின்ன 240 வோல்ட் காயிலில் சில நூறு ஓம் வரும். அளவே வராவிட்டால் அறுந்தது, மிகக் குறைவாக வந்தால் சுற்றுகள் ஒட்டியது.

முனைகளை எப்போது மாற்றுவது? கறுத்திருப்பதைப் பார்த்து உப்புத்தாள் எடுக்காதீர்கள். அவை வெள்ளிக் கலவை. கறுப்புப் படலமும் கரண்டைக் கடத்தும், தேய்த்தால் வெள்ளிதான் போகும். சொரசொரப்பாக இருப்பதும் பரவாயில்லை. வெள்ளிப் பொட்டு கரைந்து கீழே உள்ள செம்பு தெரிந்தால், அல்லது ஒரு பொட்டு மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால், மூன்றையும் நிலை முனை, நகர் முனை, ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றுங்கள். 9, 12 ஆம்பியர் கான்டாக்டரில் முனை செட் தேடி அலைவதைவிடப் புதுசு மாட்டுவது மலிவு. பெட்டியை மூடும் முன் கேபிள் நுழைகிற ஓட்டைகளைக் கிளாண்ட் போட்டு அடைத்துவிடுங்கள். இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஏறி நிற்கிற பல்லிக்கு 10000 ஆம்பியர் எம்சிபியும் பதில் சொல்ல முடியாது, அது விழத்தான் செய்யும்.